மோரே வாசலில் இருந்து மே சோட் பாலம் வரை: கேமரா, சலவை நோட்டு, சில செக்போஸ்ட்டுகள்

நவம்பர் 19, 2019. இம்பால்

திட்டம் இதுதான். இம்பாலில் வேன் பிடித்து மோரே. அங்கே எல்லையைக் கடந்தால் பர்மாவின் தமு. பிறகு கலே, மண்டலே, யாங்கோன். அங்கிருந்து கிழக்கே மியாவடி போய், மோயி ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்தால் தாய்லாந்தின் மே சோட். சென்னையிலிருந்து இம்பால் வரை பறந்து வந்ததோடு சரி, இனி முழுக்கத் தரை வழிதான். முன்பெல்லாம் இந்தப் பாதையில் போக ஏஜென்ட் பிடித்து, தனி அனுமதி வாங்கி, அதற்கும் டாலரில் அழ வேண்டும். 2018 ஆகஸ்ட் 8 அன்று மோரே–தமு வாசலைச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் திறந்துவிட்டார்கள். அதிலிருந்தே இந்த ஆசை.

வழியில் இருக்கும் தமிழர் கோயில்களையும் தெருக்களையும் படம் எடுப்பதுதான் நோக்கம். நானும் கல்லூரிக் காலத்து நண்பனும். கேமரா பாடி இரண்டு, லென்ஸ் மூன்று, ஒலிப்பதிவுக் கருவி, ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒரு சின்ன ஸ்டாண்ட். டிரோன் கிடையாது. "மாப்ள, மேல இருந்து ஒரு ஷாட்டாவது வேணும்டா" என்று சென்னையில் அவன் கெஞ்சிப் பார்த்தான். 2017 அக்டோபரில் பர்மாவின் தலைநகர் நேப்பிடோவில் நாடாளுமன்றம் பக்கம் டிரோன் வைத்திருந்த வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழுவைப் பிடித்து இரண்டு மாதம் உள்ளே போட்டார்கள். இந்த வருஷம் பிப்ரவரியில் அதே இடத்தில் ஒரு பிரெஞ்சு சுற்றுலாப் பயணிக்கு ஒரு மாதம். இதைச் சொன்ன பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேமராவுக்கென்று விற்கிற பை வேண்டாம் என்பது என் கட்சி. அதைத் தோளில் மாட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பேருந்து நிலையம் முழுக்கத் தண்டோரா போட்டது போலத்தான். பாடியின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயரைக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்தாயிற்று. லென்ஸ்களைப் பஞ்சு உறைக்குள் போட்டு, மேலே ஜவுளிக்கடை மஞ்சப்பை. சாதாரண ஸ்கூல் பேக் ஒன்றில் எல்லாம் அடங்கிவிட்டது.

பணம். வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் இருக்கலாம். நாங்கள் ஆளுக்கு 1,200 டாலர் நோட்டாக எடுத்திருக்கிறோம். பர்மாவில் டாலர் என்றால் சலவை நோட்டாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு மடிப்பு, மூலையில் ஒரு பேனாப் புள்ளி இருந்தாலும் திருப்பித் தள்ளிவிடுவார்கள், இல்லையென்றால் விலையைக் குறைப்பார்கள். 'சிபி' என்று தொடங்கும் வரிசை எண் உள்ள நோட்டை வாங்கத் தயங்குவார்கள் என்று போய்வந்தவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். சென்னையில் பணம் மாற்றிய கடையில் முதலில் கொடுத்த கட்டில் நாலைந்து நோட்டு ரப்பர் பேண்ட் போட்டு இடுப்பு ஒடிந்திருந்தது. "சார், டாலர் டாலர்தானே, இதுல என்ன பழசு புதுசு?" என்றார் கவுண்டரில் இருந்தவர். அரை மணி நேரம் நின்று ஒவ்வொன்றாக மாற்றி வாங்கினேன். இப்போது அவை ஒரு கெட்டி அட்டை டைரிக்குள், பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கின்றன.

ஊருக்குள் மணிப்பூரின் சுற்றுலா விழாவான சங்காய் திருவிழாவுக்குப் பந்தல் வேலை நடக்கிறது. 21ஆம் தேதி தொடக்கம் என்பதால் அறை வாடகை ஏறிக் கிடக்கிறது. மாலையில் இமா கெய்தேல் பக்கம் போனோம். முழுக்க முழுக்கப் பெண்களே கடை போடும் சந்தை. கேமராவை எடுக்கவில்லை. ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். காலை ஐந்தரைக்கு வேன்.


நவம்பர் 20. மோரே

இம்பாலிலிருந்து மோரே சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் வரை சமவெளி, நெல் அறுத்த வயல்கள். அப்புறம் ஏற்றம். தெங்நௌபால் பக்கம் வந்ததும் குளிர் வேனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1944இல் ஜப்பான் படையும் பிரிட்டிஷ் படையும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய மலை இது. நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் சேர்ந்து மலேயாத் தோட்டங்களிலிருந்து கிளம்பிய தமிழர்களும் தமு வழியாக இந்தப் பக்கம் வந்தவர்கள்தான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1942இல், இதே பாதையில் மக்கள் நடந்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் பர்மாவிலிருந்து தரை வழியாக இந்தியாவுக்குத் தப்பியவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஒரு பெருங்கூட்டம் தமுவிலிருந்து பல்லேல் வரை இந்த மலையை ஏறி இறங்கியது. காலரா, மலேரியா, பசியில் செத்தவர்கள் பல்லாயிரம். நகையும் பணமும் முடிந்து வைத்திருந்தவர்கள் ஒரு குவளைத் தண்ணீருக்கு மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த கதைகள் என் அப்பாச்சி காலத்துப் பெரியவர்கள் சொல்லி எங்கள் ஊரில் இன்னும் உலவுகின்றன. வேனில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டு இதை யோசிப்பது கொஞ்சம் உறுத்தியது.

குடெங்தாபி செக்போஸ்ட்டில் அசாம் ரைபிள்ஸ் துணை ராணுவத்தின் சோதனை. எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். இந்தச் சாலையில் அவர்கள் தேடுவது மூன்று சாமான்: தங்கம், போதை மாத்திரை, பர்மாப் பாக்கு. தங்கக் கட்டி எங்கெல்லாம் ஒளிந்து வரும் என்பதில் அந்த ஜவான்களுக்கு இருக்கும் படிப்பு யாருக்கும் வராது. என் பையைத் திறந்தவர் மஞ்சப்பையை விலக்கி, 70-200 லென்ஸைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். பின்மூடியைத் தானே திருகிக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டினார். உள்ளே ஏதோ 'டக்' என்றது. அது லென்ஸின் நடுக்கம் தாங்கும் கண்ணாடி, மின்சாரம் இல்லாதபோது லேசாக ஆடும். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் அதைக் கேமராவில் மாட்டி, ஆன் செய்து, அவரையே பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். தூரத்து மலை மேல் இருந்த மரம் பக்கத்தில் வந்து நின்றதும் சிரித்துவிட்டார். அடுத்த ஜவானையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பணத்தைக் கேட்டார்கள். டைரியையும் பணமாற்று ரசீதையும் சேர்த்தே நீட்டினேன். ரசீதில் உள்ள தொகையும் எண்ணிக்கையும் ஒத்துப்போனது, அவ்வளவுதான். ஷூவுக்குள் வை, பெல்ட்டுக்குள் தை என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். திருடனிடமிருந்து காப்பாற்ற அது சரியாக இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட பாதையில் நம்மைத் திருடன் தொடுவதற்குள் பத்து சோதனைக்காரர்கள் தொட்டுவிடுவார்கள். சாக்ஸிலிருந்து உருவி எடுக்கிற ஆயிரம் டாலர் எவ்வளவு நியாயமான பணமாக இருந்தாலும் களவுப் பணமாகத்தான் தெரியும். என் வழக்கம்: பெரிய தொகை ரசீதோடு ஒரே இடத்தில், கேட்டால் முதலில் அதை எடுத்துக் காட்டுவது. அவசரத்துக்கு 200 டாலர் மட்டும் நண்பனின் மருந்து டப்பாவில். அதையும் கேட்டால் காட்டுவோம்.

மோரே சின்ன ஊர். மெய்தெய், குக்கி, நேபாளி, மார்வாடி, பஞ்சாபி, பிஹாரி என்று இந்தியாவைக் குலுக்கிக் கொட்டிய மாதிரி இருக்கிறது. நடுவில் கோபுரத்தோடு அங்காள பரமேசுவரி கோயில். 1962இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கப்பலில் சென்னை வந்தவர்களில் சிலருக்கு அகதி முகாம் ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று ரயிலேறி, மலையேறி இந்த எல்லை வரை வந்தார்கள். பர்மா கதவைத் திறக்கவில்லை. போகவும் முடியாமல், திரும்பவும் மனமில்லாமல் இங்கேயே குடிசை போட்டவர்களால்தான் மோரேயில் இன்று தமிழ்ச் சங்கமும் இட்லிக் கடையும்.

இரவுச் சாப்பாட்டுக்கு அப்படியொரு கடையில் உட்கார்ந்தோம். கல்லாவில் இருந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"எனக்கு தேவகோட்டை பக்கம்ங்க ஐயா. இவன் வேலூரு."

"பணம் எதுல வச்சிருக்கீங்க?"

முதல் கேள்வியே இப்படி வந்ததில் நண்பன் என்னைப் பார்த்தான். டாலர் என்றேன்.

"நல்லது. கியாட்டு நெறைய மாத்திடாதீங்க. வேணுங்கறப்ப வேணுங்கறத மட்டும் மாத்துங்க. அந்த ஊரு நோட்ட நம்பி எங்கப்பா நடுத்தெருவுக்கு வந்தாரு."

கல்லா மேஜையின் கண்ணாடிக்கு அடியில் சாமி படத்தோடு சில பழைய நோட்டுகளை வைத்திருந்தார். 1964 மே மாதம் ஒரே அறிவிப்பில் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு சொல்லிவிட்டது. கடை போன கையோடு கையிலிருந்த காசும் போனது. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. கண்ணாடிக்கு அடியில் இருந்தவற்றில் ஒன்று 90 கியாட், இன்னொன்று 45. நண்பன் பொம்மை நோட்டு என்று நினைத்துவிட்டான். நிஜம்தான். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை நட்டஈடு எதுவும் இல்லாமல் ஒழித்துவிட்டு, ஒன்பதால் வகுபடும் 45, 90 நோட்டுகளைக் கொண்டுவந்தார்கள். நே வினுக்கு ஒன்பது ராசி எண்ணாம். ஜனங்களின் சேமிப்பில் பெரும்பகுதி ஒரே நாளில் காகிதமானது. அடுத்த வருஷம் நாடே தெருவில் இறங்கியது.

"அங்க வீட்டுல தங்கமா வைப்பாங்க, இல்ல டாலரா வைப்பாங்க. நோட்டு அழுக்கானா வாங்க மாட்டேங்கறானேன்னு கோவப்படாதீங்க. சூடு கண்ட பூனை" என்றார் பெரியவர். எங்கள் பக்கமும் 2016 நவம்பரை யாரும் மறந்துவிடவில்லையே என்றேன். "அதுக்காவது பேங்குல மாத்திக் கொடுத்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, மறுபடி ரசம் ஊற்றினார்.

அவரைப் படம் எடுக்கக் கேட்டேன். முகம் வேண்டாம், நோட்டை எடுத்துக்கோ என்றார். எடுத்தேன். இந்தப் பயணத்தின் முதல் படம் அதுதான்.


நவம்பர் 21. மோரே, தமு, கலே

காலையில் முதல் வேலை, சுங்கத்தில் கேமராக்களுக்கு எக்ஸ்போர்ட் சர்டிபிகேட். இந்தச் சாமான் இந்தியாவிலிருந்து போனதுதான் என்பதற்கு அது அத்தாட்சி. இல்லையென்றால் திரும்பி வரும்போது 'வெளிநாட்டில் வாங்கியது, வரி கட்டு' என்று நிற்க வேண்டி வரலாம். பொருளின் பெயர், சீரியல் எண், மதிப்பு ஆகியவற்றை ஏற்கெனவே ஒரே தாளில் தட்டச்சு செய்து, பில் நகலோடு நாலு பிரதி வைத்திருந்தோம். அதிகாரி ஒவ்வொரு எண்ணையும் கேமராவின் அடியில் பார்த்து டிக் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். இந்த வாசலில் கேமராவுக்கு இதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்றார். பெரும்பாலும் பஞ்சாபி ஹோட்டல்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தமுவுக்குப் போகிறவர்கள், மண்டலே போகும் பௌத்த யாத்திரிகர்கள், அவ்வளவுதானாம்.

குடியேற்ற முத்திரை வாங்கி நடந்து அந்தப் பக்கம் போனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். வண்டிகளும் வலது பக்கத்துக்கு மாறிவிடுகின்றன. பர்மா 1970இல் ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானில் பயன்படுத்திக் கழித்தவை, ஸ்டியரிங் நம் ஊரைப் போலவே வலது பக்கம். ஆகையால் முந்த வேண்டுமானால் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. இடது சீட்டில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து 'வா, வா' என்று கை காட்ட வேண்டும். பேருந்துக் கதவு நடுரோட்டில் திறக்கும்!

தமுவின் குடியேற்ற அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைவிட நகல்களுக்குத்தான் கிராக்கி. பாஸ்போர்ட் நகல், விசா நகல் என்று கட்டுக் கட்டாகக் கொண்டுபோங்கள். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் ஒரு நகல் போய்க்கொண்டே இருக்கும். பையைத் திறக்கச் சொன்னார்கள். "கேமரா? ஜர்னலிஸ்ட்?" என்று ஒரு கேள்வி. கோயில் படம் எடுப்பவர்கள் என்று சொல்லி, போனில் இருந்த மீனாட்சி கோயில் கோபுரப் படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்கள். போனில் என்ன படம் இருக்கிறது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. எல்லை வாசல், பாலம், சீருடை எதையும் நாங்கள் எடுக்கவில்லை.

தமுவில் வேன் கூலிக்கு மட்டும் ரூபாயை மாற்றினோம். ரூபாய்க்கு 21 கியாட் வந்தது.

தமுவிலிருந்து கலே வரை கபாவ் பள்ளத்தாக்கு வழியாக நேரான ரோடு. நம் எல்லைச் சாலைகள் நிறுவனம் போட்டு 2001இல் திறந்தது. ரோடு நல்ல ரோடுதான், பாலங்கள்தான் பழசு. தமுவிலிருந்து கலேவா வரை 149.7 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிய பாலம் மட்டும் 69 என்று இந்திய அரசின் திட்டக் கணக்கு சொல்கிறது. இரும்புச் சட்டமும் மரப்பலகையுமாக ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். மோரேயிலிருந்து மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதன் நிஜ உருவம் இப்போதைக்கு இதுதான். ஒவ்வொரு பாலத்திலும் பலகைகள் தடதடவென்று அடிக்க, கேமராப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன்.


நவம்பர் 23. மண்டலே

கலேயிலிருந்து ராத்திரி பஸ். ஏ.சி. குளிரும், சத்தமான பர்மியப் பாட்டுக் காட்சிகளும், புழுதியும். புழுதி எப்படி மூடிய ஜன்னல் வழியாக வருகிறது என்று தெரியவில்லை, காலையில் பையின் ஜிப் பல்லெல்லாம் மஞ்சள். லென்ஸ் மாற்றுவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்ததால் சென்சார் தப்பித்தது. ஒரு பாடியில் அகன்ற லென்ஸ், இன்னொன்றில் நீண்டது, அவ்வளவுதான். நள்ளிரவில் ஒரு தரம் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். எங்கள் நகல்கள் போயின.

மண்டலேயில் டாலர் மாற்றிய கதையை மட்டும் சொல்கிறேன். பணமாற்றுக் கவுண்டரில் கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய இளம்பெண். 100 டாலர் நோட்டை நீட்டியதும் முதலில் படுக்கையாக மேஜையில் வைத்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கி, நோட்டு தரையோடு ஒட்டுகிறதா, எங்கேயாவது தூக்குகிறதா என்று பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் நடுக்கோட்டைத் தடவினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசியாக விளிம்பை விரலால் சுண்டினாள். மூன்று நோட்டு தேறியது. நாலாவதில் மூலையில் ஒரு முடி அளவு பச்சை மசி. திரும்பி வந்துவிட்டது. பேரம் கிடையாது, கோபமும் கிடையாது, புன்னகையோடு தள்ளிவைத்தாள். மோரே பெரியவர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் நான் வாதாடியிருப்பேன்.

100 டாலருக்கு ஒன்றரை லட்சம் கியாட் கிடைத்தது. 20 டாலர், 10 டாலர் நோட்டுகளுக்கு அதே விலை கிடைக்காது, சின்ன நோட்டு என்றால் குறைப்பார்கள். ஆகையால் நூறாகவே கொண்டுவருவது லாபம். 2019இல் பெரிய கியாட் நோட்டே 10,000தான். கையில் வாங்கிய கட்டைப் பார்த்து நண்பன் "டேய், லட்சாதிபதி ஆயிட்டோம்டா" என்றான். லட்சக் கணக்கு இங்கேயும் உண்டு என்பதால் பெரிய தொகைகளைப் பேசுவது நமக்குச் சுலபம். ஏ.டி.எம்.களும் வேலை செய்தன, ஆனால் ஒரு தரத்துக்கு 3 லட்சம் கியாட்தான் தந்தன, கட்டணமாக 5,000க்கு மேல் பிடித்துக்கொண்டன. கார்டை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு நோட்டையே நம்புவதுதான் சரியாக இருந்தது.


நவம்பர் 25. யாங்கோன்

இந்த ஊரைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, தனியாக எழுதுகிறேன். இந்த டைரிக்கு வேண்டிய ஒன்றை மட்டும்.

பழைய மொகல் தெரு இப்போது ஷ்வே போந்தா தெரு. ஒரு காலத்தில் நகரத்தார் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த இடம். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் இல்லாத வீடு குறைவு, அந்தத் தூணெல்லாம் இந்தத் தெருவில் சம்பாதித்தது. 1930 வாக்கில் பர்மா முழுக்கச் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. தரைவிரிப்பில் ஒரு சாய்வு மேஜை, இரும்புப் பெட்டி, கணக்குப் பேரேடு. ரங்கூனில் கட்டினால் காரைக்குடியில் எடுத்துக்கொள்ளலாம் என்கிற உண்டியல் முறை. கடல் தாண்டி ரொக்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதே இல்லை. நான் டைரிக்குள் நோட்டு மடியாமல் காவல் காப்பதைப் பார்த்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. 1930களில் நெல் விலை விழுந்ததும் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலமெல்லாம் கடை பேருக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் கால்வாசி ஆகிவிட்டது. நிலம் தங்களுக்கு வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று இவர்கள் சொன்னது எந்தப் பர்மிய விவசாயியின் காதிலும் ஏறியிருக்காது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இது மட்டும் காரணமில்லை. ஆனாலும் இதை விட்டுவிட்டு 'நம்மை விரட்டினார்கள்' என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்குதான். பிறந்த ஊரின் பெருமை பேசும் கூட்டங்களில் இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை.

அனவ்ரஹ்தா சாலையில் இருக்கும் ஸ்ரீ காளி கோயிலில் குருக்களிடம் அனுமதி கேட்டு எடுத்தோம். 1871இல் தமிழர்கள் கட்டிய கோயில். வாசலில் பூக்கட்டும் அம்மா பர்மிய மொழியில்தான் பேசுகிறார், பூ கட்டும் வேகம் மட்டும் மதுரை. மாலை அறைக்கு வந்ததும் வழக்கம்போல மெமரி கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் ஏற்றி, ஒன்று என் பையில், ஒன்று நண்பனின் துணி மூட்டையில். கார்டுகளை அழிப்பதில்லை. எல்லையில் ஒரு பை போனாலும் படம் போகாது.


நவம்பர் 28. மியாவடி, மே சோட்

நேற்று, மியாவடி போகும் வழியில், பா-ஆன் ஊரில் தங்கல். சுண்ணாம்புக்கல் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே காபி குடித்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பா-ஆனிலிருந்து ஷேர் கார். டாவ்னா மலையைத் தாண்ட முன்பு ஒற்றை வழிதான், ஒரு நாள் போகும் வண்டிகளுக்கு, மறுநாள் வரும் வண்டிகளுக்கு என்று முறை வைத்து விட்டிருந்தார்கள். தாய்லாந்து செலவில் புது ரோடு 2015இல் வந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. வழியில் ராணுவமும் கரேன் இன ஆயுதக் குழுக்களும் தனித்தனிச் சாவடி வைத்திருக்கிறார்கள். எந்தக் கொடி யாருடையது என்று கேட்டதற்கு டிரைவர் ஒரு கையால் வாயைப் பொத்திக் காட்டினார். சரி, கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு இடத்திலும் ஜன்னல் வழியாக மடித்த நோட்டு ஒன்றைக் கொடுத்தபடி வேகத்தைக் குறைக்காமலே போனார். கேமராக்கள் பைக்குள், பை சீட்டுக்கு அடியில்.

மியாவடியில் பாலத்துக்கு முன்பே பர்மிய முத்திரை. பையைத் திறந்தார்கள், மோரேயில் வாங்கிய சர்டிபிகேட்டைக் காட்டினேன். பர்மிய அதிகாரிக்கு அது எந்த விதத்திலும் செல்லாது. ஆனால் அசோகச் சின்னமும் ஊதா முத்திரையும் சீரியல் எண்களும் உள்ள ஒரு தாள் என்ன வேலை செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு எண்களை ஒப்பிட்டுவிட்டு மூடிக்கொடுத்துவிட்டார்.

1997இல் கட்டிய நட்புறவுப் பாலத்தில் நடந்தோம். புதிதாக இரண்டாவது பாலம் ஒன்று போன மாதம்தான் சரக்கு வண்டிகளுக்குத் திறந்திருக்கிறது. நடுவில் நின்று கீழே பார்த்தால் மோயி ஆற்றில் ரப்பர் டியூபில் உட்கார்ந்து ஆட்கள் அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் இல்லை, வரிசையும் இல்லை. ஒருவர் டியூபில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் ஒரு கோழிக் கூடை. கை தானாகப் பைக்குப் போனது. "வேணாம்டா, இவ்வளவு தூரம் வந்துட்டு" என்றான் நண்பன். தலைக்கு மேல் இரண்டு நாட்டுக் கேமராக்களும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடந்தோம்.

பாலத்தின் மறுமுனையில் வண்டிகள் இடது பக்கத்துக்கு மாறின, கடிகாரம் இன்னொரு அரை மணி நேரம் முன்னால் போனது. தாய்லாந்து விசா சென்னையிலேயே எடுத்திருந்தோம். கவுண்டரில் இருந்த அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, "மணி?" என்றார். சுற்றுலா விசாவில் வருகிறவர் கையில் 20,000 பாட் இருக்க வேண்டும் என்பது விதி, எல்லா வாசலிலும் கேட்கமாட்டார்கள், தரை வாசல்களில் கேட்பது உண்டு. அன்றைய விலைக்கு 660 டாலருக்குக் கொஞ்சம் மேல். டைரியை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நூறு டாலர் நோட்டு, அதில் பெஞ்சமின் பிராங்க்ளின் முகம். ஏழாவது பக்கத்தில் போதும் என்று கை காட்டி முத்திரை குத்தினார். நண்பனிடமும் அதே கேள்வி, அவனுடைய கட்டையும் எண்ண வைத்தார். மருந்து டப்பா வரை போகவில்லை.

சுங்கத்தில் யாரும் எங்களைச் சட்டை செய்யவே இல்லை. இத்தனை தாளும் கையுமாக வந்தது வீணாகிவிட்டதே என்று நண்பனுக்கு வருத்தம்கூட.

மே சோட்டில் பணமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்களை நம்பிய ஊர் என்பதால் கியாட்டையும் வாங்குகிறார்கள். இந்த ஊரைத் தாண்டினால் கியாட்டை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம், ஆகவே மிச்சம் இருந்தால் இங்கேயே தள்ளிவிடுங்கள். எங்களிடம் 40,000 இருந்தது, 800 பாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. மண்டலேயில் திரும்பி வந்த பச்சை மசி நோட்டை நீட்டினேன். கடைக்காரம்மா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே வாங்கி, மெஷினில் ஒரு தரம் ஓட்டி, இரண்டாக மடித்து டிராயரில் போட்டார்!

நாளை காலை தாக் வழியாக பாங்காக் பஸ். எல்லை தாண்டியும் அந்தச் சாலையில் செக்போஸ்ட் உண்டாம், பேருந்தில் ஏறி ஒவ்வொருவர் தாளையும் பார்ப்பார்களாம். பாஸ்போர்ட் நகல் ஆளுக்கு இரண்டுதான் மிச்சம் இருக்கிறது, ராத்திரி ஜெராக்ஸ் கடை தேட வேண்டும்.